அம்மாச்சியின் பழைய செபமும் உங்கள் காலை ரயிலும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். நான் புரிந்துகொண்டது இது. வீட்டில் அம்மாச்சி சொல்லும் செபம் ஒரு மாதிரி, கோவிலில் சொல்வது வேறு மாதிரி. 1960-களில் உலகத்து ஆயர்கள் கூடி நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு பழைய சபை முறிந்துபோனது, லத்தீன் பூசைதான் உண்மையான பூசை என்று ஒருவர் வீடியோவில் பேசுகிறார். போன மாதம் தியானத்தில் பிரசங்கித்த ஃபாதரோ, நாம் எல்லோருமே புனிதராக அழைக்கப்பட்டவர்கள் என்று அதே சங்கத்தைச் சொல்லிப் பேசினார். தை மாதம் உங்களுக்குக் கல்யாணம், பெண் வீட்டார் மலங்கரை சபை, அதாவது சுரியானி முறைக் கத்தோலிக்கர். தினமும் பாறசாலையில் காலை ரயில் பிடித்து, திருவனந்தபுரத்தில் வேலை முடித்து, இருட்டின பிறகுதான் வீடு. இதில் எதைப் பிடித்துக்கொள்வது, புனிதம் என்பதெல்லாம் எனக்கு எதற்கு என்று கேட்கிறீர்கள்.

களியக்காவிளைப் பக்கத்தில் முப்பது வருஷம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இரண்டாகக் கேட்டது உண்மையில் ஒரே கேள்வி. மரபு எங்கே ஓடுகிறது என்று தேடினால், அது புனிதமாக வாழ்ந்த ஆட்கள் வழியாகத்தான் ஓடுகிறது.

முதலில் அம்மாச்சியின் செபம். அவர் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்பார், நீங்கள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்பீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ராத்திரி செபத்தில் என் அம்மா "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்று எடுப்பார், பிள்ளைகள் "விண்ணுலகில் இருக்கின்ற எங்கள் தந்தையே" என்று எடுப்பார்கள். வழியெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே போய், "ஆமென்" வரும்போது எல்லோரும் சேர்ந்துவிடுவோம்.

அந்த மரியா வாழ்த்து லூக்கா நற்செய்தியில் கிரேக்கத்தில் இருக்கிறது. வானதூதர் சொன்னதும் எலிசபெத்து சொன்னதும் சேர்ந்தது முதல் பாதி. "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று வரும் பின்பாதி இன்றுள்ள வடிவில் நிலைத்தது 1568-இல் வந்த உரோமை செபநூலில்தான். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1578 அக்டோபர் 20-இல், கொல்லத்தில் ஹென்றிக்கஸ் என்ற இயேசு சபைக் குரு 'தம்பிரான் வணக்கம்' என்று 16 பக்கத்தில் ஒரு செபப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சடித்தார். நம் நாட்டில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். திருவனந்தபுரத்தில் இறங்காமல் அதே பாதையில் இன்னும் ஒரு மணி நேரம் போனால் கொல்லம் வந்துவிடும், அவ்வளவு பக்கம். அந்தப் புத்தகத்தின் தமிழ் இன்று அம்மாச்சிக்கே எளிதில் பிடிபடாது. கிரேக்கத்திலிருந்து லத்தீன், அப்புறம் அந்தக் காலத்துத் தமிழ், அம்மாச்சியின் தமிழ், உங்கள் தமிழ் என்று சொல் இத்தனை முறை சட்டை மாற்றியிருக்கிறது. அழைக்கப்படுகிறவர் அதே மரியா, கேட்கிற வரமும் அதேதான்: இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும்.

மரபு என்ற சொல்லை நாம் பழைய வழக்கம் என்ற பொருளில் பேசிப் பழகிவிட்டோம். சபை சொல்கிற திருமரபு ஒரு செயல். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒப்படைப்பது. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், நான் பெற்றுக்கொண்டதையே உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று இரண்டு இடத்தில் சொல்கிறார். 11-ஆம் அதிகாரத்தில் நற்கருணையைப் பற்றி, 15-ஆம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் சாவையும் உயிர்ப்பையும் பற்றி. நம் விசுவாசத்தின் அடிமரமே அந்த இரண்டும்தான். 1965-இல் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் எழுதியதும் இதுவே: சபை தான் எதுவாக இருக்கிறதோ, எதை நம்புகிறதோ அது முழுவதையும் தன் போதனையாலும் வாழ்வாலும் வழிபாட்டாலும் தலைமுறைதோறும் ஒப்படைக்கிறது. அதில் "வாழ்வாலும்" என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டு வையுங்கள். வீடியோக்காரர்கள் பெரும்பாலும் வழிபாட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

ஐந்தாம் நூற்றாண்டில் லெரின் தீவு வின்சென்ட் என்ற துறவி இதற்கு ஓர் உவமை சொன்னார். குழந்தையின் உடம்பு வளர்ந்து பெரிய ஆளாகிறது, ஆனால் கையும் காலும் அதே கையும் காலும்தான். இல்லாத ஓர் உறுப்பு முளைத்தாலும் இருந்த ஓர் உறுப்பு போனாலும் அது வளர்ச்சி இல்லை. மாறுவதையெல்லாம் கண்டு பயப்பட வேண்டாம், எல்லா மாற்றத்துக்கும் தலையாட்டவும் வேண்டாம்.

அதே போல, பழையது எல்லாம் திருமரபு ஆகிவிடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 83-ஆம் எண்ணில் இதைப் பிரித்தே சொல்கிறது. அப்போஸ்தலர்களிடமிருந்து வந்தது ஒன்று, காலத்திலும் இடத்திலும் உண்டான வழக்கங்கள் வேறு. நம் பக்கத்திலேயே இதற்குக் கசப்பான உதாரணம் இருக்கிறது. நம் பக்கத்துப் புனிதர் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். அதே ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டின கோவிலில், ஒரு சாதி இந்தப் பக்கம் மறு சாதி அந்தப் பக்கம் என்று உட்கார, நடுவே பிரிவினை வைத்துக் கட்டினார்கள். எங்கள் முன்னோர் வழக்கம், இதை மாற்றக்கூடாது என்று வாதாடினவர்கள் இருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்ததால் மரபு முறிந்துவிட்டதா? ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம் ஒரே உடல் என்று பவுல் ஒப்படைத்த மரபைத்தான் அந்தச் சுவர் மறித்துக்கொண்டு நின்றது. இன்றும் நம் ஊர்த் திருவிழாவில் கொடியேற்றம் யார் குடும்பத்துக்கு, தேர் எந்தத் தெரு வழியாக என்று சண்டை வரும்போதெல்லாம் அந்தச் சுவர்தான் என் நினைவுக்கு வரும்.

சரி, லத்தீன் பூசைக்கு வருகிறேன். அந்த வீடியோவில் பேசுகிறவரின் ஏக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அமைதி போய்விட்டது, முழங்காலில் நிற்கிற பழக்கம் போய்விட்டது, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை இல்லை என்கிறார். உண்மை. எங்கள் பங்கிலும் அப்படித்தான். பாட்டா காலத்தில் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கினார்கள். 1957-இல் அது மூன்று மணி நேரமாயிற்று, 1964-இல் ஒரு மணி நேரமாயிற்று. இன்று அந்த ஒரு மணி நேரத்தையும் நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. இது இழப்புதான், எனக்கு மனசு வலிக்கிற இழப்பு. ஆனால் சங்கம் சபையை முறித்துவிட்டது என்பது உண்மை இல்லை.

ஏறத்தாழ 155-ஆம் ஆண்டில் உரோமையில் ஜஸ்டின் என்ற விசுவாசி, பின்னாளில் வேதசாட்சியாக இறந்தவர், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதினார். எல்லோரும் ஓரிடத்தில் கூடுகிறோம். அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளையும் இறைவாக்கினர் எழுதியவற்றையும் வாசிக்கிறோம். தலைவர் அறிவுரை சொல்கிறார். எழுந்து நின்று மன்றாடுகிறோம். அப்பமும் இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன, தலைவர் நன்றி சொல்கிறார், மக்கள் ஆமென் என்கிறார்கள். வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோகிறார்கள். காணிக்கை சேர்த்து அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் கொடுக்கிறோம். இதை வகுப்பில் வாசித்துவிட்டு, இது எந்த ஊர்க் கோவில் என்று பிள்ளைகளைக் கேட்பேன். நம்ம கோவில் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது உரோமையில் வழிபாட்டு மொழி லத்தீன்கூட இல்லை, கிரேக்கம்.

லத்தீன் பூசைநூலை 1570-இல் ஐந்தாம் பயஸ் ஒழுங்குபடுத்தினார். அவருக்குப் பிறகும் அது பலமுறை திருத்தப்பட்டது. 1962 பதிப்புக்காலத்தில்தான் நடுச்செபத்தில் சூசையப்பர் பெயரைச் சேர்த்தார்கள். 1969-இல் ஆறாம் பவுல் புதிய பூசைநூலைத் தந்தார். இன்னொன்று, சங்கம் லத்தீனைத் தூக்கி எறியச் சொல்லவே இல்லை. 1963-இல் வந்த வழிபாட்டு ஏடு, லத்தீன் காக்கப்பட வேண்டும், மக்கள் மொழிக்கும் கூடுதல் இடம் தரலாம் என்றது. பழைய முறையில் பூசை காண ஆசைப்படுவது தப்பில்லை, திருத்தந்தையும் ஆயரும் அனுமதிக்கிற இடத்தில் காணலாம். நம் பங்கில் நடக்கும் பூசை பூசையே இல்லை என்று சொல்லத் தொடங்கும்போதுதான் அது மரபைக் காப்பது என்பதிலிருந்து விலகிவிடுகிறது. ஒப்படைக்கிறவர் கையைத் தட்டிவிட்டு, ஒப்படைக்கப்பட்டதை எங்கிருந்து வாங்குவது?

இதில் நம் எல்லைப் பக்கத்துக்காரருக்கு ஒரு பாக்கியம் உண்டு. சென்னையில் இருக்கிற கத்தோலிக்கருக்குப் பெரும்பாலும் ஒரே முறைதான் பழக்கம். நமக்கு நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் லத்தீன் மறைமாவட்டம், தக்கலையில் சீரோ மலபார், மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரை. மூன்றும் முழுக் கத்தோலிக்கம். உங்களுக்கு வரப்போகும் பெண்ணின் சபை, 1930 செப்டம்பர் 20-இல் மார் இவானியோஸ் வழியாக உரோமையோடு இணைந்தது. அது நடந்ததும் அதே கொல்லத்தில்தான். அவர்கள் குர்பானாவுக்கு, அவர்கள் முறைப் பூசைக்கு, ஒருமுறை போய் நின்று பாருங்கள். மதுபகா என்கிற பலிபீடப் பகுதிக்கு முன்னால் திரை விலகும், தூபம் எழும், சுரியானி வார்த்தைகள் வந்து விழும். சீரோ மலபார் சபையில் 1962 வரை குர்பானா முழுக்கச் சுரியானியில்தான், அந்த வருஷம் ஜூலை 3, தோமையார் திருநாளில்தான் மலையாளம் வந்தது. லத்தீன் முறைதான் உண்மையான பூசை என்றால், நூற்றாண்டுகளாக ஒரு வார்த்தை லத்தீன் இல்லாமல் பலி ஒப்புக்கொடுத்த இந்தச் சபைகளை என்ன சொல்வது? வீடியோவில் பேசுகிறவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மார்த்தாண்டம் சந்தைக்குப் போய்வருகிற நமக்குத் தெரியும்.

கீழை முறைச் சபைகள் தங்கள் மரபைக் காக்க வேண்டும் என்ற ஏட்டைச் சங்கம் வெளியிட்ட நாள் 1964 நவம்பர் 21. அதே நாளில் வெளிவந்த இன்னோர் ஏடுதான் திருச்சபை பற்றியது. உங்கள் தியானக் குரு சொன்னது அதன் ஐந்தாம் அதிகாரம். எந்த நிலையில், எந்தத் தொழிலில் இருந்தாலும், கிறிஸ்தவர் எல்லோரும் முழுமையான கிறிஸ்தவ வாழ்வுக்கும் நிறைவான அன்புக்கும் அழைக்கப்பட்டவர்கள் என்கிறது. துறவிகளைப் பற்றிய அதிகாரம் அதற்கு அடுத்துதான், ஆறாவதாக வருகிறது. முதலில் எல்லோருக்குமான அழைப்பு, அப்புறம்தான் துறவு. அந்த வரிசையை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். 41-ஆம் எண்ணில் ஆயர், குரு என்று தொடங்கி, கணவன் மனைவி, பெற்றோர், விதவைகள், மணமாகாதவர்கள், கடின வேலை செய்கிறவர்கள், ஏழைகள், நோயாளிகள் வரை ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிடுகிறது.

இது புதுசா? அம்மாச்சி படித்த பழைய மறைக்கல்விப் புத்தகம், சின்னக் குறிப்பிடத்தை எடுத்துப் பாருங்கள். சர்வேசுரன் நம்மை எதற்காகப் படைத்தார்? தம்மை அறிந்து, நேசித்து, சேவித்து, அதனால் மோட்சம் அடைய. இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்ன பதில், மடத்துக்குப் போகிறவருக்கு மட்டும் சொன்னது இல்லை. 1609-இல் பிரான்சிஸ் சலேசியார், பக்தி என்பது படைவீரன், கைத்தொழிலாளி, மணமானவள் என்று அவரவர் நிலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று எழுதினார். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதினதும், நீங்கள் தூயவராவதே கடவுளின் விருப்பம் என்று ஊரார் எல்லோரையும் சேர்த்துத்தான். நடுவில் நாம்தான் புனிதத்தை அங்கி போட்டவர்களிடம் தள்ளிவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டோம். சங்கம் தூசி தட்டி எடுத்துவைத்தது, அவ்வளவுதான்.

கேரளம் தந்த புனிதர்களைப் பாருங்கள். 2008-இல் அல்போன்சா, 2014-இல் சாவறையச்சனும் எவுப்ராசியாவும், 2019-இல் மரியம் திரேசியா. எல்லோரும் துறவிகள். பொதுநிலையினராக வாழ்ந்த முதல் இந்தியப் புனிதர் நம் மண்ணில்தான் பிறந்தார். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன். மணமானவர், பத்மநாபபுரத்தில் அரசு வேலை. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னால் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியானவர். சொத்து போய் மனசு உடைந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் கதையைச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், பிரசங்கம் இல்லை, வேலை இடத்தில் இரண்டு உத்தியோகஸ்தர் பேசிக்கொண்டது. அப்புறம் 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் குரு புட்டாரி கையால் ஞானஸ்நானம், பெயர் தேவசகாயம். லாசர் என்ற விவிலியப் பெயரை நம் சொல்லில் சொன்னது அது. மனைவியும் ஞானப்பூ என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார், அதுவும் அவர்மேல் பகையைக் கூட்டியது. மூன்று வருஷம் சங்கிலி, எருமை மேல் ஏற்றி ஊர்வலம், அடி. கடைசியில் 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் இருக்கிறது. 2022 மே 15-இல் புனிதராக அறிவித்தபோது சாதிப் பெயர் இல்லாமல் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள்.

ஒரு லீவு நாளில் உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். கூரை போன சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருப்பார்கள். நான் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் அங்கேதான் நிறுத்துவேன். ஒரே கல்லில் இரண்டு மொழியும் சண்டையில்லாமல் கிடக்கும்.

தேவசகாயம் பெரிய ஆள், நமக்கு எட்டாது என்று தோன்றலாம். அதனால் என் கொச்சப்பனை, அதாவது சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார், முந்நூறு மரம். பட்டையில் சரிவாக ஒரு கீறல், பால் சொட்டி வந்து சிரட்டையில் விழும், அடுத்த மரம். மரத்துக்கு ஓர் அருள் நிறைந்த, பத்தாவது மரம் முடிந்தால் ஒரு திரித்துவ துதி. செபமாலையைக் கையில் பிடிக்க முடியாது, கையில் கத்தி இருக்கும். காலை ஆறு மணிப் பூசைக்கு அவர் வார நாளில் போனதே இல்லை, மரம் விடாது. மாசத்தில் ஒரு தடவை பாவசங்கீர்த்தனம் மட்டும் தவற விடமாட்டார், கோபக்காரர், அது அவருக்கே தெரியும்.

பக்கத்துத் தோட்டக்காரரோடு எல்லைத் தகராறு, ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு மழைக்காலம் முடிந்த சமயம் அந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். கொச்சப்பன் தன் மரங்களை முடித்துவிட்டு, வேலியைத் தாண்டிப் போய் அவர் மரங்களையும் வெட்டினார். பாலை உறையவைத்து, ரோலரில் போட்டு, ஷீட்டை அந்த வீட்டுப் புகைப்புரையிலேயே தொங்கவிட்டுவிட்டு வருவார். இரண்டு வாரம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நான் எதேச்சையாகப் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, "அவன் வீட்லயும் அடுப்பு எரியணும்லா மக்களே" என்றார். 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதத்தைப் பற்றி எழுதின மடலில் அடுத்த வீட்டுப் புனிதர்கள் என்று சொன்னபோது எனக்கு அந்த வேலிதான் கண்ணில் வந்தது. கொச்சப்பனுக்குச் சங்கத்தின் பெயர்கூடத் தெரியாது. சின்னக் குறிப்பிடம் தெரியும். அது அவர் கையில் வந்து சேர்ந்து, வேலி தாண்டிப் போயிற்று.

உங்களுக்கு ரயில் இருக்கிறது. காலையில் கிடைக்கிற நேரத்தில் ஒரு ஐம்பத்து மூன்று மணி செபமாலை தாராளமாக முடியும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஆபீசில் கீழே வேலை செய்கிறவரிடம் பேசுகிற விதம், கணக்கில் நேர்மை, கல்யாணத்துக்குக் கொடுக்கல் வாங்கல் என்று பெண் வீட்டில் எதையும் கேட்காமல் இருப்பது, இதெல்லாம் உங்களுக்கான 41-ஆம் எண். அந்தக் கடைசி விஷயத்தை நான் அழுத்திச் சொல்கிறேன். செபம் பழையதா புதுசா என்று விவாதிக்கிற வீட்டில் நூறு பவுன் கேட்டு வாங்கினால் அந்த விவாதத்துக்கே பொருள் இல்லை.

கல்யாணத்தால் சபை மாற வேண்டி வருமோ என்ற உங்கள் பயத்துக்குச் சுருக்கமான பதில்: கல்யாணத்தின்போது மனைவி கணவன் சபைக்கு மாறிக்கொள்ளலாம், மாறாமல் தன் சபையிலேயே இருக்கவும் செய்யலாம், கட்டாயம் இல்லை. இரண்டு பங்குத்தந்தையரிடமும் இப்போதே போய்ப் பேசிவிடுங்கள், தாள் வேலைக்கு நாள் ஆகும். மலங்கரை முறையில் மணமக்களுக்கு முடிசூட்டும் சடங்கு உண்டு. கிழக்கத்திய சபைகளில் அந்த முடிக்கு வேதசாட்சிகளின் முடி என்றும் பொருள் சொல்வார்கள். தை பிறக்கிற சமயத்தில்தான் தேவசகாயத்தின் திருநாளும் வருகிறது, அந்த முடி எதற்கு என்று பெண்ணோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

கடைசியாக, அம்மாச்சியின் கிழிந்த செபப் புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பைண்டு போட்டு வையுங்கள். அதைவிட முக்கியம், அதில் இல்லாததை அவர் மனப்பாடமாகச் சொல்வார், படுக்கும்போது ஒன்று, இடி இடிக்கும்போது ஒன்று, சாகிறவர் தலைமாட்டில் ஒன்று. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். மெதுவாகத்தான் சொல்வார், நடுவில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அவசரப்படுத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.